டயரின் உட்பக்கம்

ஜூன் 2, ஞாயிறு

தாரணி சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். சொல்லித்தான் வாங்கினாள். கல்லூரி முடித்து வேலைக்குப் போகிற பெண், சும்மா சொல்கிறாள் என்று நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த கைப்பிடி, விரல் பருமனுக்கு டயர், ஒரு வயதுப் பிள்ளையின் எடை. ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு படியேறி வந்து கூடத்தில் நிறுத்தினாள்.

இருகூரிலிருந்து பீளமேட்டுக்குப் பத்து கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு மணி நேரம் நசுங்குவதற்குப் பதில் அரை மணி நேரம் மிதிக்கிறேன் என்கிறாள். கணக்கு சரிதான். ஆனால் நடுவில் மேம்பாலம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் அவள் அப்பா சைக்கிளில் போய்த் திரும்பி வராத மேம்பாலம். அதைப் பற்றி இன்று எழுத வேண்டியதில்லை.

ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். டயர் நான் பார்த்துத் தேர்ந்தெடுப்பேன், நான் சரி என்று சொல்கிற வரைக்கும் சைக்கிள் ரோட்டில் இறங்கக்கூடாது.

"சரிங்க இன்ஸ்பெக்டரம்மா" என்றாள்.

கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக எனக்கு அதுதான் வேலை. பம்ப் செட் கடைசியாக என் மேஜைக்கு வரும். நான் பார்த்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினால்தான் வண்டியேறும். வெர்னியரை எடுத்து டயரை அளந்தேன். அகலம் இருபத்தைந்து மில்லி, ரப்பர் கனம் மூன்று மில்லிகூட வரவில்லை. இதை நம்பி ஓர் உயிர் போய் வர வேண்டுமாம்.

ஜூன் 4, செவ்வாய்

வேலை முடிந்து சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் பெயர் ஜக்கரியா, முப்பத்தைந்து வயதிருக்கும். பொறுமைசாலி. அது அவருக்குத் தேவைப்படும்.

"பஞ்சரே ஆகாத டயர் வேணும் தம்பி" என்றேன்.

"பஞ்சர் கம்மியா ஆகற டயர் இருக்குதுங்க்கா. ஆகவே ஆகாததுன்னு சொல்லி நான் விக்க மாட்டேன்."

காற்றே இல்லாமல் முழு ரப்பராக வருமே, அது வேண்டும் என்றேன். வரும்தான், ஆனால் குழியில் இறங்கினால் இடுப்பு போய்விடும், மழையில் வழுக்கும் என்றார். வழுக்கும் என்றதும் வேண்டாம் என்றுவிட்டேன். டியூப்புக்குள் பால் மாதிரி ஒரு திரவம் ஊற்றலாமாம், சின்ன ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளுமாம். "தானே அடைத்துக்கொள்ளும்" என்று எதைச் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. கடைசியில் மூன்று ரகம் காட்டினார். வழவழவென்று ஓடுகிற மெல்லியது ஒன்று, நடுவில் கெட்டித் துணிப் பட்டை வைத்தது ஒன்று, அடியில் கனமாக இன்னொரு ரப்பர் அடுக்கு வைத்தது ஒன்று. மூன்றிலும் பழசு வெட்டிய துண்டு கேட்டேன்.

"துண்டு எதுக்குங்க்கா?"

"சோதிக்கத்தான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் பொருட்படுத்தவில்லை. இந்த ரோட்டில் எது அதிகம் குத்துகிறது என்று கேட்டேன். லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதற்குள்ளிருந்து வருகிற கம்பித் துணுக்குதான் என்றார். தலைமுடி கனம். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும்.

தெரியும் என்றேன்.

ஜூன் 5, புதன்

தாரணி குளித்துக்கொண்டிருந்தாள். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. அது நிற்கும்போதெல்லாம் நானும் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிடுகிறேன். உள்ளேயிருந்து யாரோ கேட்கப் போகிறார்கள் என்று காது காத்திருக்கிறது. அவள் டவல் கேட்டாள். கொடுத்தேன்.

ஜூன் 7, வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் சோதனை. கம்பெனியில் ரப்பர் சீல் சோதிக்க விசை அளக்கும் கருவி இருக்கிறது. அதன் முனையில், ரோட்டோரம் பொறுக்கி வந்த லாரிக் கம்பியைக் கட்டி, மூன்று துண்டையும் குத்தினேன். மெல்லியது இரண்டு கிலோ அழுத்தத்திலேயே தோற்றது. துணிப் பட்டை வைத்தது ஐந்து வரைக்கும் தாங்கியது. கனமானதில் கம்பி வளைந்துவிட்டது.

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். "ஏனுங் மேடம், பம்ப்புக்கு எப்பலேர்ந்து டயர் வெக்கறோம்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்நேரம் பக்கத்து மேஜையில் காற்றுக் குழாய் ஒன்று கழன்று உஸ்ஸென்றது. என் சிரிப்பு மட்டும் நின்றது. இந்த ஒரு வாரமாக எல்லாமே உஸ்ஸென்கிறது. குக்கர், பஸ் கதவு, சோடா பாட்டில்.

ஜூன் 9, ஞாயிறு

துணிப் பட்டை வைத்ததையே மாட்டினோம். அகலம் இருபத்தெட்டு. கனமானதை மாட்டினால் லாரி ஓட்டுகிற மாதிரி இருக்கும், வேண்டவே வேண்டாம் என்று தாரணி ஒற்றைக் காலில் நின்றாள்.

"மாப்பிள்ளை பாக்கறப்பவாச்சும் கொஞ்சம் விட்டுக் குடும்மா. டயருக்கே இந்தப் பாடு படுத்தறே."

"மாப்பிள்ளை சரியில்லைன்னா திரும்பி வந்துடலாம்" என்றேன்.

ஜக்கரியா கடையிலேயே டயரை மாட்டிக் கொடுத்தார். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். மாட்டுவதற்கு முன்னால் உட்பக்கம் முழுவதையும் அவர் விரலால் தடவினார். புது டயரை எதற்குத் தடவுகிறீர்கள் என்று தாரணி கேட்டாள்.

"பழக்கம்மா. டியூப்ப மாத்திட்டு டயருக்குள்ள இருக்கற கம்பிய எடுக்காம உட்டா, அது புது டியூப்பையும் குத்திரும். பாதிப் பேர் பண்ற தப்பு அதுதான். ஓட்டைய ஒட்டுவாங்க, ஓட்டை போட்டத எடுக்க மாட்டாங்க."

வரும் வழியில் தாரணி சொன்னாள்: "அப்பா மாதிரி அரைகுறையா ஒட்டிட்டுக் கிளம்பற ஆள் இல்ல நான். நீ பயப்படாத."

விபத்து நடந்த அன்று போலீஸ் ஸ்டேஷனில் ஒருவர் சைக்கிளின் முன் சக்கரத்தை அமுக்கிப் பார்த்து, "பஞ்சர ஒழுங்கா ஒட்டாம வந்திருக்காரு. பாலம் இறங்கறப்ப காத்து போய் வழுக்கிருச்சு, பின்னால பஸ்" என்று சொன்னார். இருபது வயதுப் பெண் அதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதிலிருந்து அப்பா பேச்சு வந்தால் அவள் குரலில் ஒரு கோபம் வருகிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை. இன்றும் சொல்லவில்லை.

ஜூன் 10, திங்கள்

ஐந்தரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். முன் டயரில் காற்று இல்லை. தாரணி பஸ்ஸில் போனாள்.

ஜூன் 11, செவ்வாய்

ஜக்கரியா டியூப்பைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். ஒரு குமிழிகூட வரவில்லை. வால்வில் கசியலாம் என்று புது டியூப் போட்டுக் கொடுத்தார்.

ஜூன் 12, புதன்

பால் காய்ச்சினேன். காற்று இல்லை. தாரணி சைக்கிளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பஸ்ஸுக்கு ஓடினாள்.

சாயங்காலம் ஜக்கரியாவிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். டியூப் வாங்குகிற இடத்தில் பார்த்து வாங்கக்கூடாதா, இதுவே என் மேஜைக்கு வந்திருந்தால் மொத்த லாட்டையும் திருப்பியிருப்பேன் என்றேன். அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு மூன்றாவது டியூப்பைப் போட்டார்.

ஜூன் 13, வியாழன்

காற்று இல்லை.

டயரே சரியில்லை, கனமானதை மாட்டலாம் என்றேன். தாரணி சரி என்றாள். இவ்வளவு சீக்கிரம் சரி என்பவள் இல்லை.

ஜூன் 15, சனி

கனமான டயர் மாட்டிய பிறகும் காற்று இல்லை. தனியாக உருட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

ஜக்கரியா இந்தத் தடவை டியூப்பைக் கழற்றவே இல்லை. குனிந்து வால்வை மட்டும் பார்த்தார். இந்த மெல்லிய வால்வின் தலையில் கடுகளவு திருகு ஒன்று உண்டு. அதைத் தளர்த்தி அமுக்கினால்தான் காற்று வெளியே வரும்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இது பஞ்சர் இல்லீங்க. இந்தத் திருகை நான் இறுக்கித்தான் அனுப்பினேன். இப்பத் தொறந்து நிக்குது."

"தானே தளர்ந்திருக்கும்."

"தளராதுங்க்கா. யாரோ காத்த எறக்கி உட்ருக்காங்க. வீட்ல சின்னப் பசங்க இருக்காங்களா?"

இல்லை என்றேன். நானும் என் மகளும்தான் என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. காற்றடித்து, திருகை இறுக்கி, மூடியும் போட்டு, காசு வேண்டாம் என்றுவிட்டார். காசு வேண்டாம் என்றதுதான் அவமானமாக இருந்தது.

யார் எறக்குகிறார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன் என்று எழுதலாம். எழுதினால் அதுவும் பொய்.

ஜூன் 16, ஞாயிறு

லீவு நாளில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்றிருந்த தாரணி, இன்று ஐந்தே காலுக்கே கூடத்தில் நின்றிருந்தாள். நான் சைக்கிள் பக்கத்தில் குந்தியிருந்தேன். என் கட்டைவிரல் வால்வின் மேல் இருந்தது. உஸ் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா" என்றாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

இந்த நோட்டில் 'பால் காய்ச்சினேன், காற்று இல்லை' என்று எழுதி வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. நான் எறக்கினேன். ஒவ்வொரு நாளும் நான்தான் எறக்கினேன். மற்ற நாளெல்லாம் திருகை மறக்காமல் இறுக்கினேன், நேற்று மட்டும் மறந்துபோனேன்.

"பயமா இருக்குது கண்ணு."

"பயமா இருந்தா பயம்னு சொல்லு. டியூப் மேல எதுக்குப் பழி போடறே? பாவம் ஜக்கரியாண்ணன், ரெண்டு தடவை டியூப் மாத்துனாரு. அவரத் திட்டவேற செஞ்சே."

அவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். என் கையை வால்விலிருந்து எடுத்துவிட்டு, தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா. அப்பா கொஞ்சம் பொறுமையா ஒட்டியிருந்தா அவருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது. ஒரு அஞ்சு நிமிஷ வேலை. அந்த அஞ்சு நிமிஷத்துக்குச் சோம்பேறித்தனப்பட்டு நம்மள இப்படி உட்டுட்டுப் போயிட்டாரு. எனக்கு அவர் மேல அவ்வளவு கோவம் வருது."

நான் கையை உருவிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜூன் 17, திங்கள்

இன்று லீவு போட்டேன். தாரணி பஸ்ஸில் போய்விட்டாள். முழுசாக எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் அவளிடம் சொல்ல வாய் வரும்.

இந்த வீட்டில் எல்லாப் பஞ்சரையும் ஒட்டியது நான். அவள் அப்பா குழந்தைவேலுவுக்கு டயரை நெம்புகிற பட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. ஆனால் டீக்கடையில் உட்கார்ந்து, "பஞ்சருக்கெல்லாம் கடைக்குப் போறதில்லைங்க, நம்ம கைதான்" என்று அளந்துவிடுவார். கேட்டு நான் சிரித்துக்கொள்வேன். பெருமை அவருக்கு இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தாரணியிடம்கூட மாற்றிச் சொன்னதில்லை.

அன்று காலை ஏழு பத்துக்குப் பார்த்தபோது முன் சக்கரம் தட்டையாகக் கிடந்தது. ஏழு முப்பத்தைந்துக்கு என் கம்பெனி பஸ். முந்தின நாளே பார்த்துச் சொல்லியிருக்கக்கூடாதா என்று அவரை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, சக்கரத்தைக் கழற்றினேன். ஓட்டையைக் கண்டுபிடித்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், சொல்யூஷன் தடவினேன், ஒட்டினேன். டியூப்பை உள்ளே தள்ளினேன். டயரின் உட்பக்கத்தை விரலால் தடவவில்லை. தடவ வேண்டும் என்று தெரியும். பஸ் வந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

அவர் குளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சத்தம் நின்றது. உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்:

"நாகு, உள்ள தடவிப் பாத்தியா?"

"பாத்தாச்சு, பாத்தாச்சு. சீக்கிரம் வாங்க."

அவ்வளவுதான். அவரிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான். அவர் வெளியே வருவதற்குள் பஸ் வந்து நான் ஏறிவிட்டேன். எட்டு இருபதுக்கு மேம்பாலத்தின் இறக்கத்தில் முன் சக்கரத்தில் காற்று போனது.

ஆயிரக்கணக்கான பம்ப்புகளுக்கு 'பார்த்தேன்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். பார்க்காமல் ஒட்டியது அந்த ஒன்றுக்குத்தான். செத்துப்போன மனிதர் மேல் சோம்பேறி என்ற பழியையும் நான்தான் ஒட்டிவைத்தேன். மூன்று வருடமாக மகள் அதைப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 18, செவ்வாய்

சொல்லிவிட்டேன். சாயங்காலம், அவள் செருப்பைக்கூடக் கழற்றுவதற்கு முன்.

"அந்தப் பஞ்சர ஒட்டினது உங்கப்பா இல்லை. நான்."

குளியலறைக் குரல்வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி.

"கம்பி இருந்துச்சா, இல்லையா?"

"தெரியாது கண்ணு."

"அந்தச் சக்கரம் பரண்லதான் கெடக்குது. மூணு வருஷமா நீ பாக்கவே இல்லையா?"

மீதிச் சைக்கிளை இரும்புக்கடைக்குப் போட்டபோது முன் சக்கரத்தை மட்டும் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்தவள் நான். எதற்கென்று அன்றும் தெரியவில்லை. எறக்கிப் பார்க்கத் தைரியமும் வரவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். தாரணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 19, புதன்

ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டோடு அறைக்குள் எடுத்துப் போய்விட்டாள்.

ஜூன் 20, வியாழன்

டிபன் பாக்ஸை எடுக்காமல் போய்விட்டாள். அவள் அப்பா படத்துக்குப் பூ வைத்திருக்கிறாள். மூன்று வருடத்தில் அவள் கையால் இதுதான் முதல் தடவை. முல்லை.

ஜூன் 22, சனி

காலையில் ஸ்டூல் போட்டு ஏறி, அந்தச் சாக்கை இறக்கினாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நெம்புகிற பட்டை இரண்டையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். நான் கீழேயே இருந்தேன். ஆனிக் காற்று மாடிக் கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தாள். கை பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது.

"பாத்துட்டேம்மா. முழுசா ரெண்டு சுத்து தடவிப் பாத்தேன். உள்ள ஒண்ணுமே இல்ல. அன்னைக்குப் புதுசா வேற ஏதோ குத்தியிருக்குது."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்னு சொல்றேனில்ல."

நான் பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள், இடது கையால். பிறகு சமைக்க வேண்டாம் என்று ஹோட்டலில் சாப்பாடு வாங்கி வந்தாள். சாப்பிட்டுவிட்டு மத்தியானம் தூங்கினேன். சாயங்காலம் எழுந்தபோது சக்கரம் இல்லை. பழைய இரும்புக்காரர் வந்தார், போட்டுவிட்டேன் என்றாள்.

குளியலறையில் தண்ணீர் சத்தம் நின்றது. நான் நிற்கவில்லை. குழம்பைச் சுட வைத்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

காபி கொடுக்கும்போதுதான் பார்த்தேன். தாரணியின் வலது ஆள்காட்டி விரல் நுனியில் பிளாஸ்டர்.

"என்ன கண்ணு இது?"

"கத்தி பட்டுருச்சும்மா. நேத்து."

நேற்று இந்த வீட்டில் யாரும் கத்தியைத் தொடவில்லை. காலையில் இட்லி, மத்தியானம் ஹோட்டல் சாப்பாடு, ராத்திரிக்கு அதில் மிஞ்சியது. கத்தி ஸ்டாண்டில் வெள்ளிக்கிழமை வைத்தபடியே இருக்கிறது. கத்தி வெட்டினால் கோடாக வெட்டும். பிளாஸ்டரின் நடுவில் ரத்தம் ஒரு புள்ளியாக ஊறி நின்றிருந்தது.

இருபத்திரண்டு வருடம் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவளிடம் சொல்கிறாள்.

"மருந்து போட்டியா?" என்றேன்.

"போட்டேன்."

சாயங்காலம் டயரைக் கழற்றினேன். முன்னதையும் பின்னதையும். உட்பக்கத்தை மூன்று சுற்று தடவினேன், கம்பி இருந்தால் சிக்கும் என்று பஞ்சு வைத்து ஒரு சுற்று. டியூப்பை மாட்டினேன். காற்றடித்துத் திருகை இறுக்கினேன். அவள் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

ஜூன் 24, திங்கள்

பால் காய்ச்சினேன். காற்றழுத்தம் முன் டயரில் எண்பது, பின் டயரில் எண்பத்தைந்து. இரண்டிலும் காற்று நின்றது.

ஏழரைக்குத் தாரணி ஹெல்மெட் மாட்டிக்கொண்டாள். வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"உள்ள தடவிப் பாத்தியாம்மா?"

கேட்டுவிட்டாள். அதே கேள்வி.

"பார்த்தேன்" என்றேன். "நீ?"

"நானும் பாத்தேம்மா" என்றாள்.

கையுறை போடும்போது அந்த ஒரு விரலை மட்டும் மெதுவாக நுழைத்தாள். வலித்திருக்கும், முகத்தில் காட்டவில்லை. காலைத் தூக்கிப் போட்டு ஏறினாள். தெருமுனை வரைக்கும் நின்று பார்த்தேன்.

ஏழு ஐம்பத்திரண்டுக்கு செய்தி வந்தது: 'பாலம் தாண்டிட்டேன்'. எட்டு மூன்றுக்கு இன்னொன்று: 'வந்துட்டேன்'. கம்பெனியில் அடுத்த பம்ப்பை இழுத்து மேஜையில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவள் வந்ததும் அந்த பிளாஸ்டரை மாற்றிவிட வேண்டும். எது குத்தியது என்று கேட்க மாட்டேன்.